பிடி போடும் கூலி



நம் கடைகளின் செலவுக் கணக்கில் 'சில்லறைப் பழுது' என்று ஒரு வரி இருக்கும். வெல்லம் உடைக்கிற அரிவாளுக்குப் பிடி போட்டது, பெட்டி திறக்கிற சுத்தியலுக்குக் காம்பு மாற்றியது, மூட்டைக் கொக்கிக்குக் கைப்பிடி மாட்டியது எல்லாம் அந்த வரியில்தான் போய்ச் சேரும். தொகை சிறியதாக இருப்பதால் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. துவரம் பருப்பு கிலோவுக்கு 50 காசு ஏறினால் நான்கு ஊருக்குப் போன் செய்து விசாரிக்கிற நாம், இந்த வரியில் என்ன நடக்கிறது என்று கேட்பதே இல்லை. பிடி போட உண்மையில் என்ன செலவாகிறது, அந்தச் செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நம் உறுப்பினர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

சில்லறைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும் கைப்பிடியுள்ள இரும்புச் சாமான் குறைந்தது ஐந்தாவது இருக்கும். தேங்காய்க்கும் வெல்லத்துக்கும் அரிவாள், பெட்டிக்குச் சுத்தியல், கட்டுக் கயிறு அறுக்கக் கத்தி, மூட்டையில் குத்திப் பதம் பார்க்கும் குத்தூசி, ஏற்றி இறக்கக் கொக்கி. இவற்றில் இரும்பு பத்து வருடம், இருபது வருடம் வரும். பிடி அப்படி வராது. இரும்பு நன்றாக இருக்கும்போதே பிடி ஆட்டம் கொடுத்துவிடும். அப்போது இரும்பைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குபவரும் உண்டு. கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டுபவரும் உண்டு. இரண்டுமே நட்டக் கணக்குதான்.

பிடி ஏன் ஆடுகிறது?

மரம் வெட்டிய பிறகும் ஈரத்தைக் குடிக்கிறது, விடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும். பங்குனி சித்திரை வெயிலில் சுருங்கும். நம் சிவகங்கைச் சீமையில் வெயில் காலம் நீளம் என்பதால் சுருக்கம்தான் அதிகம். இரும்பு அப்படி மரத்தோடு சேர்ந்து உப்பிச் சுருங்குவதில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவே வருடா வருடம் மயிரிழை மயிரிழையாக இடைவெளி விழுகிறது.

மளிகைக்காரர்களுக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு. நம் அரிவாள் உப்பையும் புளியையும் வெல்லத்தையும் தொடுகிறது. உப்பும் வெல்லமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், புளி அமிலம். இந்தக் கசிவு பூணின் வழியாக உள்ளே இறங்கி, பிடிக்குள் இருக்கும் இரும்பு வாலைத் துரு பிடிக்க வைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடம் பிடிக்கும் பொருள். உள்ளேயிருந்து மரத்தை நெருக்கி வெடிக்க வைக்கும். அரிசிக் கடை அரிவாளின் பிடி ஆட்டம் கொடுத்துக் கழலும். உப்புக் கடை அரிவாளின் பிடி நீள வாக்கில் பிளக்கும். வெளியே கீறல் தெரிகிறபோது உள்ளே வால் பாதி தின்னப்பட்டிருக்கும்.

சுத்தியல் ஆடினால் தண்ணீர் வாளியில் இரவெல்லாம் ஊறப் போடுகிற வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. காலையில் இறுகித்தான் இருக்கும். ஆனால் இரும்புக் கண்ணுக்குள் உப்ப இடமில்லாத மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. மறுபடி காயும்போது முன்னைவிட மெலிந்துபோகும். இப்படி நாலு முறை ஊறப் போட்ட காம்பு அதன் பிறகு ஆப்பு அடித்தாலும் நிற்காது. தண்ணீருக்குக் காசு இல்லை என்பதால் இதை இலவச வைத்தியம் என்று நினைக்கிறோம். ஒரு காம்பின் விலை அதில் போகிறது.

பிடிக்கு எண்ணெய் பூசுவது நல்ல பழக்கம். எந்த எண்ணெய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கடையில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும். இவை இரண்டும் காயாத எண்ணெய்கள். பிடியில் பிசுபிசுப்பாகவே இருந்து தூசியை வாங்கும், கை வழுக்கும். நல்லெண்ணெயும் முழுதாகக் காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப் பட்டு இறுகும் ஜாதி. மரவேலைக்காரர்கள் அதைத் தேடிப் போவது அதனால்தான். மெல்லிதாக ஒரு பூச்சு பூசி, இரண்டு மூன்று நாள் காற்றாட விட்டால் ஈரம் உள்ளே போவது குறையும். அந்த எண்ணெய் நனைத்த துணியை மட்டும் சுருட்டிக் கிடங்கில் போட்டுவிடக் கூடாது. இறுகும்போது சூடு கிளம்பும், தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போட வேண்டும். கிடங்கில் சாக்கும் அட்டைப் பெட்டியும் வைத்திருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பட்டறையில் நடப்பது

நம் மாவட்டத்திலேயே, மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில், அரிவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி இருக்கிறது. 2005-இல் 'திருப்பாச்சி' என்று ஒரு திரைப்படம் வந்தது. அதற்குப் பிறகு அரிவாள் என்றால் சண்டைக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். நமக்குத் தெரியும், அங்கே அடிக்கப்படுவது பெரும்பாலும் தேங்காய்க்கும் விறகுக்கும் வயல் வேலைக்கும்தான். பழைய லாரியின் வில் பட்டையைக் காய்ச்சி அடித்த அரிவாள் எளிதில் தேயாது. அந்த இரும்புக்கு ஒன்றரை ரூபாய் மரத்தைப் போட்டுக் கெடுப்பதுதான் நம் கடைகளில் நடக்கிறது.

பிடி போடுவதில் மூன்று வகை வேலை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கூலி வேறு. இதைத் தெரிந்துகொண்டால்தான் கேட்கிற கூலி நியாயமா என்று சொல்ல முடியும்.

அரிவாள், குத்தூசி, சில கத்திகள் வால் வைத்தவை. கொல்லர் மரத்தில் வாலைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவார். மரம் உள்ளுக்குள் கருகி, வாலின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். இடுக்கு இருந்தால் அரக்கும் செங்கல் தூளும் கலந்து உருக்கி ஊற்றுவது பழைய முறை. வாய்ப்பக்கம் மரம் பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் மாட்டுவார்கள். பூண் இல்லாத பிடிக்கு எத்தனை ரூபாய் கொடுத்தாலும் வீண்.

இந்த வேலையில் கொல்லரின் கைத்திறன் தெரிகிற இடம் ஒன்று உண்டு. வால் காய வேண்டும். வெட்டு வாய் காயக் கூடாது. வாய்க்குச் சூடு ஏறினால் அதற்குக் கொடுத்திருந்த பதம் இறங்கிவிடும். பிறகு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. தெரிந்தவர் அலகில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு வாலை மட்டும் உலையில் நீட்டுவார். நம் கடைப் பையன்கள் சிலர் பழைய பிடியை எடுக்கச் சோம்பல்பட்டு, அரிவாளை அப்படியே அடுப்பில் போட்டு மரத்தை எரித்துவிட்டு, இரும்பை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். நூறு ரூபாய் வேலைக்காக நல்ல அரிவாள் ஒன்று அங்கேயே செத்துப்போகிறது. ஆடுகிற பிடியோடு அப்படியே கொடுங்கள். பிளந்து எடுப்பது அவர் வேலை.

சுத்தியல், கோடாரி, மண்வெட்டி ஆகியவை கண் வைத்தவை. காம்பை உள்ளே செலுத்தி, மேலே ஆப்பு அடிக்க வேண்டும். இதற்கு உலை வேண்டாம், தச்சரே செய்துவிடுவார். கூலி குறைவு. மூன்றாவது வகை, இரண்டு பக்கமும் பட்டை வைத்துக் குடையாணி அடித்த கத்தி. அதற்கு நேரம் அதிகம், கூலியும் அதிகம். சின்னக் கத்தியாக இருந்தால் புதிது வாங்கிவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'வைரம் பாய்ந்த கட்டை' என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல. அடிமரத்தின் நடுவிலிருக்கும் கருத்த பாகம்தான் பிடிக்கு உகந்தது. ஓரத்து வெளிறிய பாகத்தை வண்டு துளைக்கும். நாட்டுக் கருவேலம் ஏர்க் கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போன மரம், பிடிக்கும் அதுவே முதல் தரம். புளிய மரம் கெட்டி. சீமைக்கருவேலத்தைத் திட்டாதவர் நம் பக்கத்தில் இல்லை, கண்மாயெல்லாம் அதுதான். ஆனால் அந்த மரம் காய்ந்த பிறகு அதிகம் சுருங்காது, கெட்டியும்கூட. கோணலில்லாத துண்டு கிடைப்பதுதான் அரிது. பட்டறை உலைக்குப் போகிற கரியும் நம் பக்கத்தில் பெரும்பாலும் அந்த மரத்துக் கரிதான்.

எந்த மரமானாலும் இரண்டு சோதனை போதும். ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரே அடியில் முறியும். காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் கையில் கனக்கும், நகத்தால் கீறினால் ஈரம் தெரியும். நான் பார்த்த ஒரு கடையில் (ஊரும் பேரும் வேண்டாம்) வழுவழுவென்று வார்னிஷ் அடித்து அடுக்கி வைத்திருந்த பிடிகள் அத்தனையும் பச்சை மரம். வாங்கிப் போனவர்களுக்கு மூன்று மாதத்தில் பூண் தனியே, மரம் தனியே. விலை மலிவுதான். வருடத்தில் இரண்டு முறை வாங்கினால் மலிவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தடிமனும் பார்க்க வேண்டிய விஷயம். பிடியைச் சுற்றிக் கையை மூடினால் நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலின் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். விரல் நுனி அழுந்திக் குத்தினால் பிடி மெல்லிது, எட்டாமல் நின்றால் பருமன். இரண்டிலும் கை சீக்கிரம் களைக்கும். யார் அந்தச் சாமானை அதிகம் பிடிக்கிறாரோ அவரைப் பட்டறைக்கு அனுப்புவது நல்லது. முதலாளியின் கையளவில் போட்ட பிடி கடைப் பையனுக்கு உதவாது.

கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். கூலி ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆகவே கீழே நான் எழுதும் தொகைகளை ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு அரிவாளுக்குப் பிடி. மரம் 40 ரூபாய், பூண் 20 ரூபாய், கூலி 90 ரூபாய். ஆகப் பட்டறைக்குக் கொடுப்பது 150 ரூபாய். பலர் சிட்டையில் எழுதுவது இந்த 150-ஐத்தான். ஆனால் கடைப் பையன் கொண்டுபோய்க் கொடுக்க அரை நாள். வாங்கி வர இன்னொரு அரை நாள். அவருக்கு நாள் சம்பளம் 500 என்றால் அது ஒரு நாள் சம்பளம். பஸ்ஸுக்குப் போக 20, வர 20, இரண்டு நடைக்கு 80. மொத்தம் 730 ரூபாய். பிடிக்கு 150, நடைக்கு 580.

இப்படி ஐந்து சாமான், ஆடுகிறபோது ஒவ்வொன்றாகப் போனால் வருடத்தில் 3,650 ரூபாய். ஐந்தையும் ஒரே நாளில் கொடுத்து, ஒரே நாளில் வாங்கினால் பட்டறைக்கு 750, நடைக்கு 580, ஆக 1,330. வித்தியாசம் 2,320 ரூபாய். கொல்லரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நின்று பேசுகிறோமே, ஐந்து சாமானுக்கும் சேர்த்து அந்தப் பேரத்தில் மிச்சமாவது 50 ரூபாய். நடையில் போவதை யாரும் பேரம் பேசுவதில்லை. ஊருக்குள்ளேயே பட்டறை இருக்கிறவருக்கு இந்த வித்தியாசம் குறையும். அப்படிப்பட்ட ஊர்கள் வர வரக் குறைந்துகொண்டே போகின்றன என்பதையும் பார்க்கிறோம்.

தனியாக அனுப்பாமல், பையன் வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது கொடுத்தனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். அப்போது அந்தச் சாமான் எத்தனை நாள் பட்டறையில் கிடக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தைப் பொங்கலுக்கு முன் வெல்லம் உடைக்க அரிவாள் இல்லாமல் பக்கத்துக் கடையில் இரவல் கேட்டு நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சமயத்தில் பட்டறைகளிலும் கூட்டம். அறுவடைக் காலம், எல்லாரும் அரிவாளோடு நிற்பார்கள். ஆடி மாதம் நமக்கும் வியாபாரம் சற்று மந்தம், அவர்களுக்கும் வேலை குறைவு. நிதானமாகச் செய்து கொடுப்பார்கள்.

பட்டறையில் கேட்கும்போது 'மொத்தம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். மரம் எவ்வளவு, பூண் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பழைய பூண் நன்றாக இருந்தால் அதையே போடச் சொல்லலாம். நல்ல கட்டை நம்மிடம் இருந்தால், பழைய வீடு பிரித்த இடத்தில் கிடைத்த நிலைத் துண்டு, சட்டத் துண்டு இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கிற இடத்தில் வைரம் பாய்ந்த மரம் விறகாகப் போவதைக் கண்ணால் பார்க்கிற ஊர் நம் ஊர். நூறு வருடம் காய்ந்த மரத்தைவிடக் காய்ந்த மரம் எங்கே கிடைக்கும்?

கோல்ஃப் மட்டைக் கடையின் விலைப்பட்டியல்

இதே பிடி மாற்றும் வேலைக்குச் சுவரில் விலைப்பட்டியல் எழுதி வைத்திருக்கிற ஒரு தொழில் உலகில் உண்டு. அதைச் சொன்னால் நம் கணக்கு இன்னும் தெளிவாகும். கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அதற்கு மைதானங்கள் இருக்கின்றன. ஒரு ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியில் ரப்பர் உறை. முன்பு தோல் வார் சுற்றினார்கள். 1950-களுக்குப் பிறகு மாட்டுகிற ரப்பர் உறை பரவியது. கை வியர்வையும் வெயிலும் பட்டு ரப்பர் இறுகி வழுக்கும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 40 ஆட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

வேலை பெரியதல்ல. பழைய உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்து, ஒட்டு நாடாவைச் சுரண்டி, இரு பக்கமும் ஒட்டுகிற புதிய நாடாவைச் சுற்றி, கரைப்பான் ஊற்றி வழுக்கவிட்டு உறையைச் செலுத்தினால் முடிந்தது. சில மணி நேரம் காய வேண்டும். கை பெரியவருக்கு நாடாவை இன்னொரு சுற்று சுற்றினால் பிடி பருக்கும். அமெரிக்காவில் சாதாரண உறை பெரும்பாலும் 5 டாலரிலிருந்து 15 டாலருக்குள். மாட்டுகிற கூலி மட்டைக்கு 2 டாலரிலிருந்து 5 டாலர் வரை. ஒன்றைப் பார்த்தால் காப்பிச் செலவு. ஆனால் குழியில் உருட்டுகிற மட்டையை, அதன் பிடி வேறு வகை என்பதால் விட்டுவிட்டாலும், மிச்சம் 13. உறை 8, கூலி 3 என்று வைத்தால் 143 டாலர். சிறு தொகை எண்ணிக்கையால் பெருகுகிற விதம் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது அங்கே இன்னொன்று. பல கடைகளில் 'உறையை எங்களிடமே வாங்கினால் மாட்டுகிற கூலி இலவசம்' என்று எழுதியிருக்கும். கூலி காணாமல் போய்விடுமா? உறையின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியில் 8 டாலருக்குக் கிடைக்கிற உறையை அந்தக் கடை 10 டாலருக்கு விற்றுக் கூலியை விட்டால், வாங்குகிறவருக்கு 10. வெளியில் வாங்கி மாட்டினால் 11. இது நல்ல சலுகை. அதே உறையை 12-க்கு விற்றுக் கூலி இலவசம் என்றால் இலவசத்துக்கு ஒரு டாலர் கொடுத்து வாங்குகிறோம். நம் ஊர் இரும்புக் கடைகளிலும் 'காம்பு இங்கே வாங்குங்கள், மாட்டித் தருகிறோம்' என்று சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை, நாமும் அரிசி வாங்கினால் பை இலவசம் என்கிறோம். மாட்டிய நிலையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு இடத்தில் கேட்டுவிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

அந்த மட்டைக் கடைகளில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் மட்டைத் தண்டு வெடித்திருக்கிறதா, தலை ஆடுகிறதா என்று பார்த்துவிடுவார்கள். கெட்டுப்போன தண்டுக்குப் புது உறை போட்டால் இரண்டுமே வீண். நாமும் கொல்லரிடம் வாலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். துரு தின்று வால் பாதியாகிவிட்டிருந்தால் புதுப் பிடி நிற்காது. வாலைப் பொடிவைத்து ஒட்டலாமா, இல்லை அரிவாளையே மாற்றலாமா என்பதை அவர் சொல்லட்டும். சாணை பிடித்துப் பிடித்து அலகு இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிட்ட அரிவாளுக்கும் பிடிச் செலவு வேண்டாம்.

கையின் கணக்கு

இதுவரை ரூபாய்க் கணக்கு. மொத்த வியாபாரிகளுக்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அது மூட்டைக் கொக்கியில் இருக்கிறது.

100 கிலோ சணல் சாக்கு மூட்டைகள் நடமாடிய காலத்தில் கொக்கி இல்லாமல் மண்டி இல்லை. இன்று சர்க்கரை, அரிசி எல்லாம் 50 கிலோவுக்கு இறங்கிவிட்டன. வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. பிளாஸ்டிக் சாக்கில் கொக்கி போட்டால் கிழியும் என்பதால், பல மூட்டைகளில் கொக்கிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு அச்சடித்து வருகிறது. ஆனாலும் சணல் சாக்கு இன்னும் வருகிறது, கொக்கியும் இருக்கிறது. பழைய கொக்கிகள், பிடியை யாரும் பார்ப்பதில்லை.

நான் அறிந்த ஒரு மண்டியில், லாரியிலிருந்து இறக்கும்போது ஒருவரின் கொக்கிப் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் அவர் பின்னால் சாய்ந்து, லாரிப் பலகையின் இரும்பு ஓரத்தில் உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்டு, விரல் மடங்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்தப் பிடி ஆடுகிறது என்று அவர் முன்பே கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருந்தாராம். 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று பதில். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்து மரணத்துக்கும் உறுப்பு இழப்புக்கும் உதவித்தொகை உண்டு. பதிவு செய்யாத சுமைதூக்கும் தொழிலாளர்களை நாம்தான் தூண்டிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதத்து அன்றாடக் கூலியை யார் தருவது என்ற கேள்வி வாரியத்துக்குப் போகவில்லை. மண்டி வாசலில்தான் வந்து நின்றது. முதலாளி ஒரு பாதி கொடுத்தார், கூட வேலை செய்தவர்கள் தங்கள் பங்கிலிருந்து ஒரு பாதி கொடுத்தார்கள். கொக்கிக்குப் பிடி போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு மேலே போட்ட கணக்குதான், 150 ரூபாய்.

கொக்கி பல இடங்களில் தொழிலாளரின் சொந்தச் சாமான். 'அவர் கொக்கி, அவர் பாடு' என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் கூலியில் கால் பங்கைப் பிடிக்குச் செலவழிக்க அவர் தயங்குவார் என்பது நமக்குத் தெரியாதா? மண்டிச் சாமான்களோடு அவர்கள் கொக்கியையும் சேர்த்து அனுப்பினால் நடைச்செலவு ஒரு காசு கூடாது. கூலி மட்டும்தான் கூடும்.

தற்காலிகமாகச் சுற்றுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொக்கிக்கோ சுத்தியலுக்கோ பிடி வழுக்கினால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றலாம். சிங்கம்புணரிப் பக்கத்துக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினாலும் கை நிற்கும். வழுக்குவதற்கு இது மருந்து, ஆடுவதற்கு அல்ல. ஆடுகிற பிடியின் மேல் டியூபைச் சுற்றினால் ஆட்டம் வெளியே தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். தின்பண்டத்தைத் தொடுகிற அரிவாளிலும் கத்தியிலும் துணியோ டியூபோ சுற்றவே வேண்டாம். சுற்றின் இடுக்கில் வெல்லமும் எண்ணெயும் சேர்ந்து எறும்பும் பூஞ்சணமும் வரும். உணவுப் பொருளைத் தொடும் கருவிகள் துருவில்லாமல், எளிதில் கழுவும்படி இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது இந்தக் கந்தைத் துணிதான்.

பழுதுச் செலவுக்கு ரசீது கிடைக்காது என்று பலர் கணக்கில் எழுதாமலே விடுகிறார்கள். கொல்லரிடம் அச்சடித்த ரசீது இருக்காதுதான். நம் வவுச்சரில் தேதி, என்ன சாமான், எத்தனை, மரம் பூண் கூலி தனித்தனியாக எவ்வளவு என்று எழுதி அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வருடம் அதே வவுச்சரை எடுத்துப் பார்த்தால், போன ஆடியில் போட்ட பிடி இந்த ஆடிக்குள் ஆடியிருக்கிறதா என்பதும், எந்தப் பட்டறையின் வேலை நிற்கிறது என்பதும் தெரியும். சாமானைத் திரும்ப வாங்குகிறபோது பிடியின் அடிப்பக்கத்தைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டிக் காதில் வாங்குங்கள். இறுகிய பிடி கணீரென்று ஒரே சத்தமாகக் கேட்கும். லொடலொடவென்றால் பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு நடைக்கு 580 ரூபாய் ஆகும்.